ஒருவருக்கு அடுப்பு பற்ற வைப்பதில்லை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ நலமா, உன் பெண்டாட்டி நலமா? இங்கே நான் நலம். வீடும் நலம். அம்மாவைப் பற்றி அடுத்த வரியில்.

நேற்று குழாயைப் பிடுங்கிவிட்டாள். வயிற்றில் போட்டிருக்கும் சாப்பாட்டுக் குழாய். தூக்கத்தில் கை பட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். தூக்கமெல்லாம் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினாள். மறுபடி போட்டுவிட்டார்கள். "இன்னொரு தடவை இழுத்தாங்கன்னா கையைக் கட்டித்தான்மா வைக்கணும்" என்றார் டாக்டர். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. எதை விழுங்கினாலும் நுரையீரலுக்குப் போகிறதாம். மூச்சுக்குக் கழுத்தில் துளை. அதனால் குரலும் இல்லை. ஜூனில் விழுங்கல் பரிசோதனை செய்வார்கள். தேறினால் வாயால் சாப்பிடலாம். அதுவரை பை, குழாய், மாவு கரைத்த தண்ணீர்.

நம் அம்மாவுக்கு இது. சமையல் சுமாராகத்தான் செய்வாள், உனக்கே தெரியும். சாப்பிடுவதில்தான் அவளுக்கு ஈடு கிடையாது. சம்பள நாளில் டைப் அடித்த விரல் வலியோடு நம்மை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பக்கத்து மேசையைக் காட்டி, "அந்தாளு என்னமோ தின்னுறாரு பாரு, எனக்கு அது வேணும்" என்பாள்.

வீட்டில் இப்போது நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. வாசனை அவளுக்கு எட்டக் கூடாது. வேலை பார்க்கும் லேபில், மாடிப்படிக்குக் கீழே நின்றபடி எதையாவது சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறேன். பார்க்க வருகிறவர்களையும் எச்சரித்துவிட்டேன். எதிர்வீட்டு அத்தை மட்டும் பழக்கதோஷத்தில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள். அதைத் தவிர வேறு எப்படி நமக்கு நலம் விசாரிக்கத் தெரியும்? அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "அவன் அங்கே என்ன சாப்பிடுகிறான்?" சோறு, குழம்பு என்று நான் ஆரம்பித்ததும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "தெரிந்த சாப்பாடு வேண்டாம். நாக்கு நினைத்துக்கொள்கிறது. தெரியாததை எழுதச் சொல். காகிதத்தில்."

ஃபோன் வேண்டாமாம். நீ "அம்மா, அம்மா" என்பாய், அவளால் பதில் சொல்ல முடியாது. காகிதம் என்றால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுது. அவளுக்கு நாளைக்கு என்று ஏதாவது ஒன்று வேண்டும்டா.

அக்கா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

வணக்கம் என்று எழுதினால் சிரிப்பாய். உடம்பு எப்படி என்று கேட்டால் முறைப்பாய். நேராகச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு கொரியக் கடை. இங்கே வந்த புதிதில், ஒரு மழை நாளில், நாங்கள் இருவரும் ஒதுங்குவதற்காகப் போனது. மேசைக்கு நடுவில் குழி, குழிக்குள் கரி அடுப்பு, மேலே கம்பி வலை. கூரையிலிருந்து ஒரு தகரக் குழாய் தும்பிக்கை மாதிரி இறங்கி வந்து புகையை உறிஞ்சும். நீ இருந்திருந்தால் அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருப்பாய்.

கறிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கறி வரவில்லை. கிண்ணங்கள் வந்தன. உள்ளங்கை அளவில், ஒன்றன்பின் ஒன்றாக, மேசையில் கை வைக்க இடமில்லாதபடி. "இதெல்லாம் நாங்க கேக்கலையே" என்றேன். கடைக்காரம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். இவை தொடுகறிகள். கேட்டு வருபவை அல்ல. விலை கறிக்கு மட்டும்தான். கிண்ணம் காலியானால் அவளே பார்த்து நிரப்பிவிட்டுப் போவாள்.

கிம்ச்சி என்று ஒன்று. கோஸை மிளகாய் போட்டுப் புளிக்க வைத்தது. முதலில் புளிப்பு, அப்புறம் காரம், அதற்கும் அப்புறம் சோடா மூக்கில் ஏறுமே, அந்தக் குறுகுறுப்பு. முள்ளங்கித் துண்டுகள்: கடித்தால் மண்டைக்குள் சத்தம் கேட்கும், எதிரே இருப்பவர் பேசுவது கேட்காது. எள்ளெண்ணெயில் பிரட்டிய முளைப்பயறு. வாயில் ஒட்டும் இனிப்புக் கருப்புப் பயறு. அப்புறம், நம்பமாட்டாய், சர்க்கரைப் பாகில் புரட்டிய நெத்திலி. மீனும் சர்க்கரையும்! "சமையக்கட்டுல யாரோ டப்பாவை மாத்தி எடுத்துட்டாங்க" என்றாள் உன் மருமகள். பிறகு அந்தக் கிண்ணத்தை எனக்குக் கொடுக்காமல் அவளே காலி செய்தாள். நிரப்பினார்கள். அதையும் காலி செய்தாள்.

கறி வந்தது. பன்றியின் வயிற்றுப் பகுதி, விரல் தடிமனில், வெள்ளையும் சிவப்புமாய்ப் பட்டை போட்டது. கத்தி கிடையாது அம்மா. கத்தரிக்கோல்! கடைக்காரம்மா இடுக்கியால் தூக்கிப் பிடித்து, ரிப்பன் வெட்டுவது போல் வெட்டி வலைமேல் போட்டாள்.

சாப்பிடும் விதம் இது. உள்ளங்கையில் ஒரு பச்சை இலை. அதன்மேல் கறி, ஒரு சில்லு பச்சைப் பூண்டு, மிளகாய், உப்பும் இனிப்புமான ஒரு பழுப்பு விழுது. மூட்டையாக மடித்து ஒரே வாய். பாதியாகக் கடிக்கக் கூடாது. நான் கடித்தேன். மூட்டை அவிழ்ந்து மடியில் கொட்டியது. அந்தக் கறை சட்டையில் இன்னும் இருக்கிறது.

ஒழுங்காகக் குழாயைப் போட்டுக்கொள். அடுத்த தடவை போய்விட்டு எழுதுகிறேன்.

உன் மகன்


மார்ச் 8

தம்பிக்கு,

சுகம்தானே? உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல். நான் சுகம். அம்மா, இந்த வாரம், பரவாயில்லை என்றே எழுதலாம்.

உன் கடிதத்தை நான் வாசிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். நெத்திலி வந்த இடத்தில் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது. கழுத்துத் துளையில் காற்று மட்டும் அடித்துக்கொள்ளும். மூச்சுத் திணறுகிறது என்று பயந்து அத்தையைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதே பக்கத்தில் இருக்கிறாள்.

சிலேட்டு நிறையக் கேள்விகள். கத்தரிக்கோலைக் கழுவுவார்களா, துடைப்பார்களா? விழுதில் என்ன பருப்பு? ஒருத்தன் கிண்ணங்களை மட்டும் தின்றுவிட்டு, கறி வேண்டாம் என்று எழுந்து போனால் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்வியை எழுதிவிட்டு, தானே அப்படிப் போகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

குழாயைத் தொடுவதில்லை. பையை மாட்டினால் கடிதத்தை எடுத்துக்கொள்கிறாள். மாவுத் தண்ணீர் உள்ளே போகிறது, அவள் கிம்ச்சி வாசிக்கிறாள். விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னபடி நாக்கை நீட்டுகிறாள். பரிசோதனையில் தேறியதும் முதல் வாய் அந்த இலை மூட்டைதானாம். அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "ரொம்ப நம்ப வைக்காதீங்க" என்றாள்.

நான் என்ன செய்ய? நம்பாமல் இருந்தபோது குழாயைப் பிடுங்கினாள்.

மறுபடி போ. இரண்டு பேரும் போங்கள். போய்விட்டு எழுது. நீ எழுதினால்தான் இங்கே பை காலியாகிறது.

அக்கா


மார்ச் 25

அம்மாவுக்கு,

நான் நலம். அவளும் நலம்.

நேற்று போனோம். கத்தரிக்கோலை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். கிண்ணங்களை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போகிறவர் யாரையும் காணவில்லை.

மாலை வெளிச்சத்தில் கடை முழுக்க மஞ்சள். ஜன்னல் கண்ணாடியில் நீராவி. ஜன்னலோர மேசையில் ஒரு கணவனும் மனைவியும். இடுக்கி அவன் கையில். அவள் இலைகளைப் பிரித்து அடுக்கினாள். கறி முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு சாம்பல், பிறகு ஓரங்களில் பொன்னிறம். கொழுப்பு கரிமேல் சொட்டியதும் தீ எழும்பி அடங்கியது. கிண்ணங்கள் வட்டமாக: சிவப்பு, வெள்ளை, பச்சை, பழுப்பு, கருப்பு. கல்சட்டியில் முட்டை பொங்கி, விளிம்புக்கு மேல் குடை போல் நின்றது.

முதல் மூட்டையை யாரும் தனக்காகக் கட்டுவதில்லை. எதிரே இருப்பவருக்குக் கட்டி, வாயருகே கொண்டுபோய் நீட்டுகிறார்கள். வாங்குகிறவர் வாயை நன்றாகத் திறக்க வேண்டும். அழகு பார்க்க முடியாது. அவள் நீட்டினாள். அவன் கன்னம் உப்பியது. இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கேட்கவில்லை.

ஒரே வாய். பாதியாக யாரும் கடிப்பதில்லை.

நன்றாக இருந்தது. எல்லாமே நன்றாக இருந்தது.

உன் மகன்


ஏப்ரல் 16

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு அத்தை காய்கறிக் கூடையோடு வந்து அம்மாவிடம் உட்கார்ந்திருக்கிறாள். கூடையில் கோஸ். அம்மா சைகை காட்டி ஒரு இலையை வாங்கியிருக்கிறாள். "ஆசையா தடவிப் பாக்கறாங்கன்னு நெனச்சேன்டி" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். கூடையிலேயே அத்தையின் தூக்குவாளியும் இருந்திருக்கிறது, யாருக்கோ கொண்டுபோகிற சோறு. சிக்னல் கிடைக்காமல் அத்தை ஃபோனோடு வெளியே போன நேரம். இலையில் சோறு, ஊறுகாய். அம்மா மடித்திருக்கிறாள்.

பாதியாகக் கடித்திருந்தால் வெளியே எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். முழு மூட்டை. ஒரே வாய். நீதான் எழுதியிருந்தாய். இரண்டு கடிதத்திலும் எழுதியிருந்தாய்.

நான் இறங்கி வரும்போது முகம் நீலம்.

உயிர் இருக்கிறது. நுரையீரலில் சோறு. கை இரண்டையும் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

எழுதச் சொன்னவள் நான்தான். இப்போது சொல்கிறேன், எழுதாதே. சாப்பாடு என்று ஒரு வார்த்தைகூட இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

எழுத மாட்டேன்.

நேற்று ஃபோனில் நீ அழுதாய். நான் வாயே திறக்கவில்லை. அதற்கு மன்னிப்பு.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். 'கிளம்பி வருகிறேன்' என்றுதான் எழுதியிருந்தேன். இப்போது முடியாது. ஏன் என்று கேட்காதே.

கட்டை அவிழ்த்ததும் ஒரு வார்த்தை தெரிவி.

இங்கே அவள் நலம்.

தம்பி


மே 20

அனுப்புநர்: ஜன்னலோரக் கட்டில்
பெறுநர்: என் கடைசிப் பிள்ளை
பொருள்: சாப்பாடு, உண்மை அறிக்கை கோருதல் தொடர்பாக
பார்வை: உன் மார்ச் மாதக் கடிதம்

கண்ணா,

கையை அவிழ்த்துவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும். மூச்சுக்கு மெஷின் பக்கத்தில் இருக்கிறது, பயப்படாதே, அது பாட்டுக்குச் சத்தம் போடும். நர்ஸ் பெண் இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் அக்காவுக்குத் தெரியாது. அவள்மேல் கோபப்படாதே. அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஆசையில் அலைந்து இலையை வாயில் போட்டுக்கொண்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உன் முதல் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வாயில் புளிப்பு ஏறியது. நிஜமாக. இரண்டாவதை வாசித்தேன். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். வெறும் வாய். கடைசியில் வாசித்து ருசிப்பதும் போய்விட்டதோ என்று பயம் வந்தது. இருந்தது அது ஒன்றுதான். அத்தை கூடையைப் பார்த்ததும் சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

ஊறுகாய் நன்றாகப் புளித்தது. கோஸ் காரமாகக்கூட இருந்தது. ஆக, கோளாறு என் நாக்கில் இல்லை. உன் கடிதத்தில்.

இன்ஸ்பெக்டர்கள் ஆய்வுக்குப் போய்வந்து எழுதிக் கொடுப்பதைத்தான் வேலைக்காலம் முழுக்க டைப் அடித்தேன். போகாமலே எழுதுகிறவன் எல்லாவற்றையும் அழகாக எழுதுவான்: சுவர் வெண்மையாக உள்ளது, கதவு பழுப்பாக உள்ளது, எல்லாம் திருப்தி. போனவன் எழுதுவது அப்படி இருக்காது. நாய் துரத்தியது என்பான், சாவி வைத்திருந்தவன் கல்யாணத்துக்குப் போய்விட்டான் என்பான். போகாதவன் அறிக்கையை அடித்துக் கொடுப்பேன், ஆனால் கீழே இடது மூலையில் என் இனிஷியலைப் போடமாட்டேன். மேனேஜர் கேட்டால், "மறந்துட்டேன் சார்" என்று நிற்பேன்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நீ போகவில்லை. எங்கேயோ வெளியே நின்று பார்த்திருக்கிறாய். என் மருமகள் எந்தக் கிண்ணத்தை எடுத்தாள் என்று முதலில் எழுதியவன், அடுத்ததில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அவள் எங்கே? நீ என்ன சாப்பிடுகிறாய்?

அம்மா


ஜூன் 2

அம்மாவுக்கு,

கோளாறு என் கடிதத்தில்தான்.

கடைக்கு எதிர்ப்புறம் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நின்று பார்த்துவிட்டு வந்து எழுதினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது.

அவள் போய்விட்டாள். டிசம்பரில், உன் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த வாரம். அதனால் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு ஒரு நல்ல நாள் வரவே இல்லை. சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச ஏதாவது இருந்திருக்கும். "உன்கூட இருக்கறதும் தனியா இருக்கற மாதிரிதான் இருக்கு. அதுக்கு நான் தனியாவே இருந்துடறேன்" என்றாள். நியாயம்தானே என்று தோன்றியது. அப்போதும் பேசாமல்தான் இருந்தேன்.

இங்கே நான் தங்குவதற்கான அட்டை அவள் வேலையை ஒட்டிக் கிடைத்தது. இப்போது என் வேலையைக் காட்டித் தனியாகக் கேட்டிருக்கிறேன். பதில் வருவதற்குள் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் பெட்டியை இறக்கி வைக்கிறேன், மறுபடி மேலே ஏற்றுகிறேன்.

அவள் போன பிறகு ஒரு தடவை உள்ளே போனேன். கடைக்காரம்மா ஒரு விரலைக் காட்டி, "ஒருத்தரா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒருத்தருக்கு அடுப்பு பத்த வைக்கறதில்ல." இரண்டு பேர் கறியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கறி அல்ல விஷயம் என்பது போல் கையை ஆட்டினாள். ஒருவர் புரட்ட வேண்டும், ஒருவர் இலை மடிக்க வேண்டும். அந்தக் கடையின் பழக்கம் அது. தனியாக வருகிறவர்களுக்குச் சூப் உண்டு, சுவரைப் பார்த்த பலகை உண்டு. அங்கே உட்கார்ந்தேன். சூப் ஆறியது. எழுந்து வந்துவிட்டேன்.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாய். ரொட்டி. பாக்கெட்டிலிருந்து அப்படியே, நின்றுகொண்டு. உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். சில நாள் அதுவும் இல்லை. மெல்ல முடிகிறது, விழுங்கத் தோன்றுவதில்லை. இதை உன்னிடம் எழுதுகிறேன் பார். வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடம் எழுத?

உன் மகன்


ஜூன் 21

தம்பிக்கு,

நலமா என்று இனிமேல் கேட்டு என்ன பயன்? நீயும் நலம் என்பாய், நானும் நலம் என்பேன்.

கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். ஒளித்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே நின்று டப்பாவைத் திறந்தபோது உன் ரொட்டி ஞாபகம் வந்தது. நீ நின்று சாப்பிடுகிறாய், நான் நின்று சாப்பிடுகிறேன், அவள் படுத்துக்கொண்டு. உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இல்லாத குடும்பமாகிவிட்டோம். அன்று மாலையே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

பரிசோதனை முடிந்தது. தேறவில்லை. இனியும் தேறாது. குழாய்தான் கடைசிவரை. கடைசி என்பதும் ரொம்பத் தள்ளி இல்லை. நுரையீரல் ஆறவே இல்லை. டாக்டர் இதை என்னிடம் வெளியே சொல்லிவிட்டு உள்ளே வந்து சிரித்தார். அம்மா சிலேட்டில், "திருப்தி?" என்று எழுதிக் காட்டினாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். மருமகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை. நான் வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு வேகமாகக் கையை ஆட்டினாள். பிறகு எழுதினாள்: "இரண்டு பேர் என்று சொல்லச் சொல். இன்னொருத்தி நான்."

விளையாட்டு இல்லையாம். நீ உட்காரும் நேரத்தை ஃபோனில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அதே நேரத்துக்கு இங்கே பையை மாட்ட வேண்டும். போகவில்லை என்றால் தனக்கும் பை வேண்டாம் என்கிறாள். மிரட்டுகிறாள்டா. அவளால் முடியும், உனக்குத் தெரியும்.

எழுதாதே என்றவளும் நான்தான். போ. போய் விழுங்கு.

அக்கா


ஜூலை 6

அம்மாவுக்கு,

நேற்று மத்தியானம் போனேன். வாசலில் பலகை ஈரமாக இருந்ததால் உள்ளே நுழையும்போதே வழுக்கி ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒருத்தரா?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"இன்னொருத்தர் எங்கே?"

"அம்மா."

"எப்ப வருவாங்க?"

"அவங்க சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்குமேல் அவர்கள் பாஷை தெரியாது. அக்கா அப்போதுதான் அனுப்பிய படத்தைக் காட்டினேன். கம்பியில் பை தொங்குகிறது, கட்டிலை நிமிர்த்தி நீ நேராக உட்கார்ந்திருக்கிறாய், தலை வாரியிருக்கிறாய். ஃபோனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பித் தந்தாள். உள்ளே போனாள். சூப்தான் வரும் என்று நினைத்தேன். இரண்டு தட்டு, இரண்டு ஜோடிக் குச்சிகள் வந்தன. பிறகு கரி வந்தது, சிவந்து.

மேசை ஆடியது. காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். என் மேசைக்கு மேலிருந்த புகைக் குழாய் சரியாக இழுக்கவில்லை, கண்ணெல்லாம் எரிச்சல். முளைப்பயற்றில் உப்பு அதிகம். முள்ளங்கி பழையது, வளைந்தது, சத்தம் வரவில்லை. நெத்திலி மட்டும் அதே நெத்திலி. உன் மருமகள் நினைவு வந்தது. கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன், மறுபடி இழுத்துக்கொண்டேன்.

கறியைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன், வலையில் ஒட்டிக் கிழிந்தது. அடுத்ததைப் புரட்ட மறந்தேன், கருகியது. கடைக்காரம்மா ஓடிவந்து இடுக்கியைப் பிடுங்கினாள். "அதுக்குத்தான் ரெண்டு பேரு" என்று திட்டினாள். அவளே வெட்டி, அவளே புரட்டி, ஒரு துண்டை என் தட்டில் போட்டு, சாப்பிடு என்பது போல் நின்றாள். ஆறும்வரை பொறுக்கவில்லை. மேலண்ணம் சுட்டுத் தோல் உரிந்தது. இப்போதும் நாக்கால் தடவிக்கொண்டேதான் எழுதுகிறேன். கொழுப்பு முதலில் மொறுமொறுப்பு, உடனே வெண்ணெய் மாதிரி. விழுங்கினேன் அம்மா. போயிற்று. தானாகப் போயிற்று.

மூட்டை கட்டினேன். பூண்டு காரத்தில் கண்ணில் நீர். புகையா, மிளகாயா, தெரியவில்லை. எதிர்மேசையில் ஒரு பெரியவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

முதல் மூட்டையைத் தனக்குக் கட்டக் கூடாது. அது உனக்கு. மேசைக்கு மேலாக நீட்டினேன். எதிரே காலி நாற்காலி. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடக்கவும் மனசு வரவில்லை. விழுது மணிக்கட்டில் வழிந்தது. கடைக்காரம்மா இரண்டு கையிலும் கிண்ணங்களோடு அந்தப் பக்கமாகப் போனாள். நின்றாள். குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, அதை வாங்கிக்கொண்டாள். கன்னம் உப்ப மென்றபடியே, "பூண்டு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்ததில் பூண்டைக் குறைத்தேன். சரியாக இருந்தது.

கிண்ணங்களை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். அரைகுறை பாஷையில் அவளிடமே கேட்டேன். "அப்படிப்பட்டவங்க திரும்ப வருவாங்க, வெக்கப்பட்டுக்கிட்டு" என்றாள்.

கால்சட்டை முழுக்க எண்ணெய். வீடு வரை புகை நாற்றம். படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வயிறு வலிக்கும் அளவுக்குத் தின்றிருந்தேன்.

உன் மகன்


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

ஃபோனில் சொல்ல முடிந்ததை ஃபோனில் சொல்லிவிட்டேன். நீ அந்த முனையில் வாய்விட்டு அழுதாய். இந்தத் தடவை பேசாமல் இருக்கவில்லை. அது நல்லது. காரியங்கள் எல்லாம் முடிந்தன. நீ இல்லாத குறை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் நிற்பதை அவள் விரும்பவில்லை.

சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

நீ கடையில் உட்கார்ந்த அன்று என்னைப் பாடாய்ப் படுத்தினாள். தலை வாரச் சொன்னாள். கட்டிலை நிமிர்த்தச் சொன்னாள், இன்னும், இன்னும் என்று, மேசை முன்னால் உட்காருகிறவள் மாதிரி. பை காலியாகும்வரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ பரிமாற வரப்போகிறார்கள் என்பது போல.

உன் கடிதம் வந்தபோது அவளால் தாளைப் பிடிக்க முடியவில்லை. நான் வாசித்தேன். உப்பு அதிகம், முள்ளங்கி பழையது என்ற இடத்தில் கழுத்தில் காற்று அடித்துக்கொண்டது. இந்தத் தடவை நான் ஓடவில்லை. அண்ணம் சுட்ட இடத்தில் தன் வாய்க்குள் நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். நிஜமாகச் சொல்கிறேன், புரட்டினாள். முடித்ததும் பேனா கேட்டாள். சிலேட்டு நீட்டினேன், வேண்டாம் என்றாள். உன் கடிதத்தையே கேட்டாள். என்னமோ எழுதப்போகிறாள் என்று அட்டையை அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிறுக்கல்தான் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு பேனா பிடிக்கவில்லை.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம், கீழே, இடது மூலையைப் பார். அவளுடைய இனிஷியல்.

தலையணைக்கு அடியில் இருந்த மற்ற கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். மழை நாள் கடிதத்திலும் இருக்கிறது, பழசாகி மங்கிப்போய். மார்ச் மாதத்துடையதில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. இன்று காலை அடுப்பைப் பற்ற வைத்தேன். கொஞ்ச நேரம் அதன்மேல் ஒன்றும் வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

நீ சாப்பிட்டாயா?

அக்கா